பெசன்ட் நகரும் ஊரூர் குப்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்கே அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து திருவான்மியூர் எல்லை வரை நீளும் பகுதி பெசன்ட் நகர். புதிதாகக் குடிவருபவர்களும், வார இறுதியில் கடற்கரைக்கு வருபவர்களும், பள்ளிச் செயல்திட்டத்துக்காகக் குறிப்பெடுக்கும் மாணவர்களும் இவ்விடத்தைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதில்களுடன் தொகுத்திருக்கிறேன்.

பெசன்ட் நகர் முன்பு மீனவக் கிராமமாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. "முன்பு" என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. மீனவக் கிராமம் மறைந்து அதன் மேல் நகரம் எழுந்தது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், நடந்தது அதுவன்று. ஊரூர் என்ற பழைய கிராமத்தின் கடலோரத்தில் மீனவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மேற்கே சவுக்கும் பனையும் மணல்மேடும் வயலுமாகக் கிடந்த நிலத்தில் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்துக் குடியிருப்புகளைக் கட்டியது. மீனவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வடக்கே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும், தெற்கே அஷ்டலட்சுமி கோயிலை ஒட்டி ஓடைக்குப்பமும், அதற்கும் அப்பால் திருவான்மியூர் குப்பமும் காலையில் கடலுக்குப் போய்வரும் ஊர்கள்தாம். ஆகவே, நகரம் கிராமத்தைச் சுற்றி வளர்ந்து அதைக் கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஒரு நீளத் துண்டாக ஒடுக்கியது என்று சொல்வதே பொருந்தும். இப்பக்கத்திலுள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

"குப்பம்" என்பது தாழ்வான சொல் அல்லவா? அப்படி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். வடதமிழகக் கடற்கரையில் குப்பம் என்பது மீனவர் ஊரைக் குறிக்கும் பழைய, மதிப்பான சொல். நொச்சிக்குப்பம், அயோத்தியா குப்பம், காசிமேட்டை ஒட்டிய குப்பங்கள் என்று சென்னைக் கரை முழுவதும் அப்பெயர் விரவிக் கிடக்கிறது. நகரம் பெருகிய பிறகு "குப்பத்து ஆள்" என்பதை வசைபோலப் பயன்படுத்தத் தொடங்கியது மேற்கே இருந்தவர்கள், சொல்லின் குற்றமன்று. ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது பெரும்பாலும் "ஊர்" அல்லது "கிராமம்" என்பார்கள். "கிராமத்தில் இன்று கூட்டம்" என்று ஒருவர் சொன்னால், அவர் தொலைவிலுள்ள சொந்த ஊரைச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறாவது நிழற்சாலையிலிருந்து நடக்கும் தொலைவில் கூடப்போகும் ஊர்ப் பஞ்சாயத்தைத்தான் சொல்கிறார்.

ஆல்காட் என்பவர் யார்? மீனவர் ஊருக்கு அமெரிக்கர் பெயர் எப்படி வந்தது?

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அமெரிக்கர். பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் சேர்ந்து 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை (தியோசாபிகல் சொசைட்டி) தொடங்கியவர். 1882-இல் அச்சபை அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கித் தன் தலைமையகத்தை அங்கே அமைத்தது. இன்று ஏறத்தாழ 260 ஏக்கர் பரப்பில் மரங்கள் அடர்ந்து நிற்கும் அந்த வளாகத்தின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் குப்பம் இருக்கிறது. 1894-இல் ஆல்காட் அக்காலத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதன் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் கட்டணமின்றி நடக்கிறது. குப்பத்தின் பெயர் அவர் நினைவாக வந்தது.

பெரிய ஆலமரத்தைப் பற்றியும் உடன் கேட்பார்கள். சபை வளாகத்திலுள்ள அந்த மரத்தின் தாய்த்தண்டு 1989-இல் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நிலைத்து நின்று இன்றைய மரமாக இருக்கின்றன.

பெசன்ட் நகர் என்ற பெயர்?

1907 முதல் 1933-இல் அடையாற்றில் மறையும் வரை பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் நினைவாக இடப்பட்டது. தன்னாட்சி இயக்கத்தை நடத்தி, 1917-இல் காங்கிரஸ் தலைவராகவும் ஆனவர் அவர். தன் பெயரைத் தாங்கிய குடியிருப்பை அவர் பார்த்ததில்லை. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அது உருவானது.

குடியிருப்பு எப்போது, எப்படி உருவானது?

1961-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த வீட்டு வசதி வாரியம், அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இப்பகுதியை மனைகளாகவும் அடுக்குக் குடியிருப்புகளாகவும் உருவாக்கியது. ஊரே திட்டமிட்டுக் கோடு கிழித்து வரைந்தது என்பது தெருக்களின் பெயர்களிலேயே தெரியும்: முதல் நிழற்சாலை, இரண்டாவது நிழற்சாலை, குறுக்குத் தெரு, பிரதான சாலை. பழைய ஊர்களில் தெருவுக்குக் கோயில் பெயரோ சாதிப் பெயரோ இருக்கும். இங்கே எண்கள் இருக்கின்றன. வண்ணாந்துறை, ஊரூர், ஓடைக்குப்பம் போன்ற சில பெயர்களே வாரியத்துக்கு முந்தைய நிலவரைபடத்தின் எச்சங்களாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தொடக்கத்தில் இங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மத்திய, மாநில அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும்தாம். ராஜாஜி பவனில் மத்திய அரசு அலுவலகங்கள் வந்தன. அவற்றில் பணிபுரிவோருக்கான குடியிருப்புகளும் அருகிலேயே எழுந்தன. உயர் வருவாய், நடுத்தர வருவாய், குறைந்த வருவாய் என்று வாரியம் தன் வீடுகளைப் பிரித்திருந்ததால், ஒரே தெருவில் அதிகாரியும் எழுத்தரும் குடியிருக்க நேர்ந்தது. நகரத்தின் பிற்காலக் குடியிருப்புகளில் காண அரிய கலப்பு அது. அக்காலத்தில் இது நகரத்தின் கடைக்கோடி. மாலை மங்கியதும் ஆட்டோக்காரர்கள் வர மறுப்பார்கள் என்றும், இரவில் அலை ஓசை மூன்றாவது தெரு வரை கேட்கும் என்றும் பழைய குடியிருப்பாளர்கள் சொல்வார்கள். இப்போது அலை ஓசையைக் கேட்க வேண்டுமானால் அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும்.

வாரியம் கட்டிய மூன்று மாடி வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் மின்தூக்கியும் வண்டி நிறுத்தும் தளமும் கொண்ட அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. தெருவின் பக்கமிருந்த சிமெண்டுச் சன்னல்களும் மொசைக் தரையும் கொண்ட பழைய வீடு இன்னும் எங்காவது நின்றால், அது பாகப் பிரிவினை முடியாத வீடாக இருக்கும் என்பது இங்கு வழங்கும் வேடிக்கைப் பேச்சு.

எலியட்ஸ் பீச் என்பதில் எலியட் யார்? கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு என்ன?

எட்வர்ட் எலியட் ஆங்கிலேயர் காலத்துச் சென்னையில் தலைமை நீதித்துறை நடுவராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். கடற்கரை அவர் பெயரால் வழங்குகிறது.

வெள்ளை வளைவு வேறொருவருக்கானது. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவரின் நினைவாகக் கட்டப்பட்டது அது. கட்டப்பட்டபோது அதைச் சுற்றி மணலைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு பல ஆண்டுகள் சுவரில் கிறுக்கலும் காலடியில் குப்பையுமாகக் கிடந்து, அண்மைக் காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. அதன் நிழலில் நின்று தன்படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது கடலில் மூழ்கியவரின் நினைவிடம் என்று தெரியும் என்பது ஐயமே.

அப்படியானால் இக்கடலில் குளிக்கலாமா?

கூடாது. காவல்துறை வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கானவை அல்ல. கரையை நோக்கி வந்த நீர், ஓர் ஒடுங்கிய தடத்தில் திரும்பக் கடலை நோக்கி வேகமாக ஓடும். அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரிவதால், நீந்தத் தெரியாதவர்கள் அமைதியான இடம் என்று எண்ணி அங்கேயே இறங்குவார்கள். நீரோட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துவதால்தான் பலர் களைத்து மூழ்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து வெளிவந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். அடிக்கடி இவர்களைக் காப்பாற்றுவது குப்பத்து இளைஞர்கள்தாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குப்பத்தில் இன்றும் மீன்பிடிக்கிறார்களா, அல்லது வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்களா?

இரண்டும் நடக்கிறது. அலுவலகம், ஓட்டுநர் வேலை, உணவகம், மாநகராட்சி என்று பிள்ளைகள் போகிறார்கள். படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர். ஆனால் கடல் தொழில் நின்றுவிடவில்லை. மீன்பிடித்தலை இவர்கள் வெறுமனே "தொழில்" என்றுதான் சொல்வார்கள். "தொழிலுக்குப் போயிருக்கிறார்" என்றால் கடலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள்.

ஒரு நாள் விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். வெளிமோட்டார் பொருத்திய ஃபைபர் படகு அலையைத் தாண்டும் வரை இரண்டு பேர் இடுப்பளவு நீரில் நின்று தள்ளுவார்கள். சூரியன் எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் திரும்பும் படகு அலையின் முதுகில் ஏறிச் சறுக்கி மணலில் முட்டி நிற்கும். அருகிலிருப்பவர்கள் தங்கள் படகா பிறர் படகா என்று பாராமல் தோள் கொடுத்து மேலே ஏற்றுவார்கள். பிறகு, வலையை மணலில் விரித்து அமர்ந்து, கண்ணிகளில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். நண்டு வலையாக இருந்தால் இந்த வேலை நண்பகல் வரை நீளும். கொடுக்கைப் பிடித்து, நூலை அறுக்காமல், விரலையும் கொடுக்காமல் ஒரு நண்டைக் கழற்றுவதற்கு வெளியாளுக்கு ஐந்து நிமிடம் ஆகும், கைபழகியவருக்குச் சில நொடிகள் போதும். அவ்விடத்தைத் தாண்டித்தான் காதில் பாட்டுக் கருவி மாட்டிய நடைப்பயிற்சிக்காரர்கள் போகிறார்கள். வலையின் மேல் காலணியோடு நடக்கக் கூடாது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் ஒரு காலத்தில் இக்கரையின் முதன்மையான கலம். சுனாமிக்குப் பிந்தைய நிவாரணத்தில் ஃபைபர் படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டதால் கட்டுமரம் விரைவாகக் குறைந்தது. பல பேர் சேர்ந்து இரு முனைக் கயிற்றைப் பிடித்து இழுக்கும் கரைவலையும் அருகிவிட்டது. அதற்கு நீண்ட வெறுங்கரை வேண்டும், கூடி இழுக்க ஆட்களும் வேண்டும்.

கடலைப் படிக்கும் அறிவு மட்டும் கலத்தோடு போய்விடவில்லை. நீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதற்கே தனிப் பெயர்கள் உண்டு: வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடினால் தெண்டி. வாடைக் காற்று, கச்சான் காற்று என்று காற்றுகளுக்கும் பெயர் உண்டு. காற்றும் நீரோட்டமும் சேரும் விதத்தை வைத்து, இன்று எந்த வலையை எடுப்பது, எவ்வளவு ஆழத்தில் விடுவது, போகாமலே இருப்பது நல்லதா என்று தீர்மானிக்கிறார்கள். கைப்பேசியில் வானிலைச் செயலி இருக்கிறது. அதையும் பார்க்கிறார்கள், கரையில் நின்று நீரின் நிறத்தையும் பார்க்கிறார்கள்.

இங்கே மீன் வாங்கலாமா? என்ன கிடைக்கும்?

வாங்கலாம், காலை ஏழு மணிக்கு முன்பின் வருவது நல்லது. பருவத்துக்கேற்ப நெத்திலி, கவலை, சங்கரா, கிழங்கான், மடவை, கடம்பா, நண்டு, இறால் ஆகியவை கிடைக்கும். வஞ்சிரம் எப்போதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; பெரிய அங்காடியின் பட்டியலைப்போல் கடல் நடந்துகொள்ளாது. சிறு மீன்கள் எடை போடாமல் கூறு கட்டி விற்கப்படும். "கூறு எவ்வளவு, அக்கா?" என்று கேட்டால் விலை சொல்வார்கள், இரண்டு கூறு வாங்கினால் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுவதும் உண்டு. செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிடித்துவருவது ஆண்கள் என்றாலும், கரைக்கு வந்த மீனின் விலையும் கணக்கும் கடனும் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருக்கின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அந்நாட்களில் காசிமேட்டு வரத்து குறையும்போது, இங்குள்ள சிறு படகுகளின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். வாங்குபவருக்கு அது மகிழ்ச்சியான செய்தியன்று.

உடைந்த பாலத்தின் கதை என்ன?

அடையாற்று முகத்துவாரத்தில் பாதியில் அறுந்து நிற்கும் அந்தப் பாலம், ஆற்றின் வடகரையிலுள்ள சீனிவாசபுரத்தையும் தென்கரைக் குப்பங்களையும் இணைக்க 1967-இல் கட்டப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1977-இல், வெள்ளத்தின் வேகத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பிறகு யாரும் அதை ஒட்டவைக்கவில்லை. திரைப்படக்காரர்களுக்கும் காதலர்களுக்கும் பறவை பார்ப்பவர்களுக்கும் அது பிடித்த இடம். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும் மாதங்களில் ஆறு குளம்போல் தேங்கி நிற்பதையும், மழைக்காலத்தில் அதே திட்டு கரைந்து ஆறு கடலைத் தேடி ஓடுவதையும் அங்கிருந்து தெளிவாகப் பார்க்கலாம். இரவில் போக வேண்டாம்.

இப்பாலத்தின் வழியாகவோ, அதற்குப் பதிலாகக் கரையோரமாகவோ, கலங்கரை விளக்கத்தையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் இணைக்கும் சாலை வேண்டும் என்ற யோசனை பல வடிவங்களில் வந்து போயிருக்கிறது. பறக்கும் சாலையாக அது முன்வைக்கப்பட்டபோது, மீனவர்களும் பெசன்ட் நகர்க் குடியிருப்பாளர்களில் ஒரு பகுதியினரும் சேர்ந்து எதிர்த்தார்கள். சாலையைத் தாங்கும் தூண்கள் நிற்கவிருந்தது படகும் வலையும் கிடக்கும் மணலில்.

கடற்கரை யாருக்குச் சொந்தம்?

எல்லோருக்கும் சொந்தம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்; ஆனால் அந்த "எல்லோரும்" யார் என்பதில்தான் சிக்கல். வருவாய்த் துறைப் பதிவேட்டில் இத்தகைய கரை நிலம் பெரும்பாலும் புறம்போக்கு. பழைய வழக்கில் புறம்போக்கு என்றால் வரி விதிக்காமல் ஊர்ப் பொதுவுக்கு விடப்பட்ட நிலம்: மேய்ச்சலுக்கு, நீர்நிலைக்கு, களத்துக்கு. மீனவர் ஊரில் கரையே களம். படகு நிறுத்தவும், வலை பின்னவும், கருவாடு காயவைக்கவும், ஏலம் போடவும், திருவிழாவில் கூடவும் அதே மணல்தான். ஒவ்வொரு பயனுக்கும் பட்டா கிடையாது. ஆகவே, வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது. வெறுமையாகத் தெரியும் இடத்தில் பூங்கா, சாலை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றை வரைவது எளிது.

1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தியது. பெசன்ட் நகர் போன்ற வளர்ந்த நகர்ப் பகுதிகளில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ கடல் பக்கமாகப் புதுக் கட்டடம் எழக்கூடாது என்பது அதன் சாரம். கடற்கரையைப் பார்த்த முதல் வரிசையில் நிற்கும் வீடுகளுக்கு முன்னால் வேறு கட்டடம் வராமல் கடல் தெரிந்துகொண்டே இருப்பதற்கு இந்த விதி பெரிய காரணம். 2011-இல் வந்த அறிவிக்கை, மேலாண்மை வரைபடங்களில் மீனவர் குடியிருப்புகளையும் அவர்களின் பொது இடங்களையும் குறிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு ஊரூர் குப்பத்து இளைஞர்கள் சிலர் அரசு வரைபடங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கவும், தங்கள் கரையைத் தாங்களே அளந்து வரையவும் கற்றுக்கொண்டார்கள். எங்கே எந்த வலை காய்கிறது, எந்த மாதத்தில் எத்தனை படகு நிற்கிறது என்பதைக் கோட்டில் காட்டினால்தான் அலுவலகத்தில் பேசமுடியும் என்று அவர்கள் கண்டுகொண்டது, என் பார்வையில், இந்தக் கரையில் அண்மைக் காலத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம். 2019-இல் வந்த அறிவிக்கை சில விதிகளைத் தளர்த்தியிருப்பதால் அந்த வரைபடங்களுக்குத் தேவை கூடியிருக்கிறது.

சுனாமியில் என்ன நேர்ந்தது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கரையில் விளையாடிக்கொண்டிருந்தவர்களும் நடந்துகொண்டிருந்தவர்களும் மீனவக் குடும்பங்களும் ஒன்றாக அகப்பட்டுக்கொண்டார்கள். படகுகளும் வலைகளும் சாலை வரை அடித்துவரப்பட்டன. ஆற்றின் மறுகரையிலுள்ள சீனிவாசபுரம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அங்கிருந்து பல குடும்பங்கள் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டன. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் குடியமர்த்தப்பட்ட மீனவர், விடிவதற்கு முன் படகுக்கு எப்படி வந்து சேர்வார் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் விடை இல்லை. "பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டாலே இக்கரையில் சிலர் நெற்றியைச் சுருக்குவது அதனால்தான்.

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழாவின்போது போக்குவரத்து எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்று நிறைவு. கொடியேற்ற நாளில் நகரின் பல பகுதிகளிலிருந்து காவி உடுத்தியவர்கள் நடந்தே வருவார்கள். அன்று மாலை காரை எடுக்காமலிருப்பது நல்லது. இந்தத் திருத்தலமும் 1976-இல் குடமுழுக்கு நடந்த அஷ்டலட்சுமி கோயிலும் குடியிருப்பு வளர்ந்த அதே பத்தாண்டில் எழுந்தவை. குப்பத்தின் எல்லையம்மன் வழிபாடு இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில் அந்தப் பக்கம் போனால் யாரென்று கேட்காமல் உங்களுக்கும் ஒரு குவளை தருவார்கள்.

குப்பத்தில் கர்நாடக இசைக் கச்சேரி நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

ஆம். 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்தைச் சேர்ந்தவர்கள், தன்னார்வலர்கள் ஆகியோர் சேர்ந்து நடத்தினார்கள். மயிலாப்பூர் அரங்குகளில் மார்கழியில் கேட்கும் இசை, பறையோடும் கூத்தோடும் ஒரே மேடையில், அம்மன் கோயில் முற்றத்தில், கடற்காற்றில் ஒலித்தது. "மீனவர்களுக்குச் சங்கீதம் கற்றுத்தரப் போகிறார்களா?" என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பார்வையாளராகப் போன என் நினைவில் நிற்பது வேறு: இருபது ஆண்டுகளாக இரண்டு தெரு தள்ளி வசித்த என் அண்டை வீட்டார் சிலர், அன்றுதான் முதன்முறையாகக் குப்பத்துக்குள் காலடி வைத்தார்கள். வழி தெரியாமல் ஒரு சிறுமியைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஆமை நடை என்றால் என்ன?

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் இக்கரையேறி, மணலைத் தோண்டி, ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டுவிட்டுத் திரும்பும். சென்னைக் கரையில் எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஆமை முட்டைகளைத் தேடி நடக்கும் வழக்கம் தொடங்கியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்ந்து செய்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடந்து, கண்ட முட்டைகளை எடுத்துவந்து கரையிலுள்ள பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஒன்றரை மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை வெளிச்சத்தை நோக்கி ஊர்வன. இயல்பாக அது கடலின் மேலுள்ள வான்வெளிச்சம். உயர்கோபுர விளக்குகள் எரியும் கரையில் அவை எதிர்த்திசையில் சாலைக்கு வந்துவிடும். செத்த ஆமைகள் ஒதுங்கும் ஆண்டுகளில் குப்பத்து மீனவர்மேல் பழி போடுபவர்கள், கரையோரம் வந்து மடி என்னும் இழுவலையை இழுக்கும் பெரிய விசைப்படகுகளை மறந்துவிடுகிறார்கள்.

இங்கு வீடு வாங்க எண்ணுகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

உப்புக் காற்றில் இரும்பு நிற்காது; சன்னல் கம்பி, குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை விரைவில் துருப்பிடிக்கும். நிலத்தடி நீர் அதைவிட முக்கியம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலடியில் மழைநீர் தேங்கி நிற்கும் நல்ல நன்னீர் அடுக்கு இருக்கிறது. பல வீடுகளில் திறந்த கிணறு இன்றும் சுவையான நீர் தருகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். ஒருமுறை ஏறிவிட்டால் இறங்கப் பல மழைக்காலங்கள் ஆகும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், குழாய் பெயருக்கு மண்ணில் செருகப்பட்டிருக்கிறதா, உண்மையிலேயே கிணற்றுக்குப் போகிறதா என்பதை நேரில் பாருங்கள்.

விற்பனைத் தரகர் "கடற்கரை முன்வரிசை" என்று சொல்லி இடம் காட்டினால், ஆவணங்களை வழக்கறிஞரிடம் மட்டுமன்றிக் கடற்கரை மண்டல வரைபடத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கருவாட்டு வாடை வீசுகிறது என்று பிறகு புகார் எழுதுவதாக இருந்தால், வாங்காமலிருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

எப்படி வருவது?

அயனாவரத்திலிருந்து 23சி, பெரம்பூரிலிருந்து 29சி பேருந்துகள் நேராகப் பெசன்ட் நகர் பேருந்து நிலையத்துக்கு வரும். பறக்கும் ரயிலில் வந்தால் இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

கடற்கரையில் காரை எங்கே நிறுத்துவது? குப்பத்தின் முன்னால் நிறைய இடம் காலியாக இருக்கிறதே?

அது காலி இடமன்று. படகுகள் கடலுக்குப் போயிருக்கின்றன. எட்டு மணிக்குத் திரும்பி வந்துவிடும். ஆறாவது நிழற்சாலையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.